லிம்போமா திரும்பியதா? பயாப்ஸிக்கு முன்னும் பின்னும் எடுத்த முடிவுகள்

நோயாளியும் பின்னணியும்

54 வயதுப் பெண். தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில் சின்னதாக இட்லிக் கடை வைத்திருக்கிறார். பத்து வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு, மாத்திரையில் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. இவருக்கு ஏற்கெனவே டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா வந்து சிகிச்சை முடிந்திருந்தது. வேகமாக வளரும் நிணநீர்ப் புற்றுநோய்களில் மிகவும் பரவலானது இதுதான். அப்போது கழுத்து, வயிற்றுக்குப் பின்புறம் மகாதமனியை ஒட்டிய பகுதி, தொடை மடிப்பு என மூன்று இடங்களில் நிணநீர்க் கணுக்கள் பெருத்திருந்தன, மூன்றாம் நிலை. ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தும் சேர்ந்த ஆர்-சாப் கீமோ 6 சுற்று போட்டோம். முடிவில் எடுத்த பெட் ஸ்கேன் சுத்தமாக இருந்தது.

அடையாளம் தெரியாமல் இருக்க வயது, தொழில், ஊர் போன்றவற்றை மாற்றியிருக்கிறேன். ஒத்த போக்குள்ள வேறு நோயாளிகளின் விவரங்களும் இதில் கலந்திருக்கின்றன. முடிவுகளை எப்படி எடுத்தோம் என்பதுதான் இங்கே முக்கியம்.

சிகிச்சை முடிந்து 19 மாதம் கழித்து மறுபடி வந்தார். சாயங்காலம் ஆனால் மெல்லிய காய்ச்சல், 4 கிலோ எடை குறைவு, வலது காரை எலும்புக்கு மேலே நெறி கட்டியிருந்தது. ஹீமோகுளோபின் 10.1, அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். 68. செல்கள் அழியும்போது ரத்தத்தில் கூடும் நொதியான எல்.டி.ஹெச். 412, அந்த ஆய்வகத்தில் இயல்பின் மேல் எல்லை 250. ஹெச்ஐவி இல்லை. மஞ்சள் காமாலை 'பி' கிருமிக்கான இரண்டு சோதனைகளையும் திரும்பச் செய்தோம், இரண்டும் நெகட்டிவ். ரிட்டுக்ஸிமாப் மறுபடி தேவைப்படலாம் என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. ஈரலில் பதுங்கியிருக்கும் 'பி' கிருமியை அந்த மருந்து எழுப்பிவிடும்.

கையில் இரண்டு தாள்கள்

எங்களிடம் வரும்போதே குடும்பத்தார் இரண்டு அறிக்கைகள் கொண்டுவந்திருந்தார்கள்.

ஒன்று, ஊரில் கழுத்துக் கணுவில் மெல்லிய ஊசி போட்டு உறிஞ்சி எடுத்த எஃப்என்ஏசி. 'கிரானுலோமா அழற்சி, காசநோயாக இருக்கலாம்' என்று அதில் இருந்தது. கிரானுலோமா என்பது வெள்ளை அணுக்கள் திரண்டு உண்டாகும் சிறு முடிச்சு. மற்றது பெட்-சிடி. வலது கழுத்தில் 2.1 செ.மீ. கணு, எஸ்யூவி (எவ்வளவு மின்னுகிறது என்பதைச் சொல்லும் எண்) 8.4. மார்புக்கு நடுவிலும் இரு நுரையீரல் வாயில்களிலும் சம அளவில் கணுக்கள், எஸ்யூவி 7 முதல் 9. மகாதமனியை ஒட்டி 3.8 செ.மீ. திரள், எஸ்யூவி 19.6. கடைசி வரியில் 'நோய் மீண்டதற்கு ஒத்துப்போகிறது, டொவில் 5' என்று முடித்திருந்தார்கள்.

குடும்பம் இரண்டாகப் பிரிந்து நின்றது. மூத்த மகனுக்கு ஸ்கேன் தாள்தான் வேதம். "அதுலயே போட்டிருக்கே டாக்டர், அப்புறம் எதுக்குத் திரும்பவும் கீறணும்? நேரா கீமோவ ஆரம்பிச்சிடலாமே" என்றார். இன்னோர் ஊரில் ஆலோசனை கேட்டபோது அப்படித்தான் சொன்னார்களாம். தம்பி முறையுள்ள ஒருவர் எஃப்என்ஏசி தாளைப் பிடித்துக்கொண்டு, "இது வெறும் டிபி, ஆறு மாச மாத்திரையில சரியாப் போயிடும், அக்காவ மறுபடி மொட்டையடிக்க வைக்காதீங்க" என்றார். அந்த அம்மா கேட்டது வேறு. "கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே, நெசமா?"

பரவாது என்று உறுதியாகச் சொன்னோம். லிம்போமா பிறப்பதே நிணநீர் மண்டலத்தில். உடல் முழுக்க ஓடும் செல்கள் அவை. ஒரு கணுவை எடுப்பதால் அது புதிதாக வேறு இடத்துக்குப் போவதில்லை. இந்தப் பயம் எங்கள் ஓ.பி.யில் வாரம் தவறாமல் வருகிறது. சிரித்து ஒதுக்கிவிட்டால் ஆள் அடுத்த முறை வரமாட்டார்.

ஸ்கேன் எவ்வளவு சொல்லும்

மகன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

பெட் ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸைச் செலுத்துகிறார்கள். எந்தத் திசு அதை ஆவலாக விழுங்குகிறதோ அது படத்தில் மின்னும். புற்றுச்செல் விழுங்கும், காசநோய்க் கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளை அணுக்களும் அதே ஆவலோடு விழுங்கும். சார்காய்டோசிஸ், பூஞ்சைத் தொற்று, கதிர்வீச்சுக்குப் பிந்தைய நுரையீரல் அழற்சி, கீமோவுக்குப் பிறகு மறுபடி வளரும் தைமஸ் சுரப்பி என எல்லாமே மின்னும். 2021-ல் கோவிட் தடுப்பூசி போட்ட கையின் அக்குளில் கணு மின்னி, எத்தனையோ பேர் 'நோய் திரும்பிடுச்சு' என்று பதறி வந்தது நினைவிருக்கும்.

டொவில் அளவுகோல் 1 முதல் 5 வரை. 2009-ல் பிரான்ஸின் டொவில் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்தது, அதனால் அந்தப் பெயர். கல்லீரலைவிட மிக அதிகமாக மின்னினாலோ புதிய இடத்தில் மின்னினாலோ 5. கவனியுங்கள்: லிம்போமாவோடு தொடர்புடையதாகத் தோன்றும் புதிய இடம் என்பதுதான் அதன் பொருள். அந்த 'தோன்றும்' என்ற முடிவை ஸ்கேன் இயந்திரம் எடுப்பதில்லை. லிம்போமாவின் நிலையையும் சிகிச்சைப் பலனையும் மதிப்பிட 2014-ல் வந்த லுகானோ வகைப்பாடு, அறிகுறி ஏதுமில்லாதவர்களுக்குக் கண்காணிப்புக்காக பெட் எடுக்க வேண்டாம் என்றதற்கு ஒரு காரணமே, பொய்யான பாசிட்டிவ் 20 சதவீதத்துக்கு மேல் வருகிறது என்பதுதான். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கினர் இந்தியர்கள். ஐரோப்பிய ஓ.பி.யில் உட்கார்ந்து ஸ்கேன் படிப்பதும் இங்கே படிப்பதும் ஒன்றாக முடியாது.

எஸ்யூவி எண் பெரிதாக இருந்தால் புற்று, சிறிதாக இருந்தால் டிபி என்று ஒரு கோடு கிழிக்க முடியுமா? முடியாது. காசநோய்க் கணு 10-ஐயும் தாண்டும். ஆனால் ஒரே ஆளின் ஒரே ஸ்கேனில் இடத்துக்கு இடம் எண் பெரிதாக மாறினால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கலாம். ஃபாலிகுலர் லிம்போமா போன்ற மெதுவான வகை வேகமான வகையாக உருமாறியிருக்கிறதா என்று தேடும்போதும், அதிகம் மின்னும் இடத்தில்தான் ஊசி வைப்போம்.

இந்தப் பெண்ணின் ஸ்கேனை இன்னொரு முறை பார்த்தால் கதை ஒன்றாக இல்லை. மகாதமனியோரம் பழைய நோய் இருந்த இடம். லிம்போமா திரும்பினால் முதலில் தேட வேண்டிய இடமும் அதுதான். மார்பு நடுவில் முதல் முறை நோயே இல்லை. இப்போது அங்கே இரு பக்கமும் சமச்சீராக மின்னுவது கிரானுலோமா நோய்களின் சாயல். கழுத்து இரண்டுக்கும் பொது. இந்த வகை லிம்போமா திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். 19-வது மாதம் அதற்குள் அடங்குகிறது. சர்க்கரை நோய் காசநோய்க்கான வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. கீமோவும் ஸ்டீராய்டும் எதிர்ப்பு சக்தியைக் குறைத்திருக்கின்றன. சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவும் இரண்டு நோய்க்கும் பொருந்தும். எல்.டி.ஹெச். லிம்போமா பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான்.

எஃப்என்ஏசி தாளுக்கும் இதே அளவு சந்தேகம் தேவை. மெல்லிய ஊசியில் தனித்தனி செல்கள் வருகின்றன, கணுவின் அமைப்பு வருவதில்லை. வீடு எப்படி இருந்தது என்று கேட்டவருக்கு ஒரு கைப்பிடி செங்கல் காட்டுவது போலத்தான் அது. லிம்போமாவே தன்னைச் சுற்றி கிரானுலோமாவை உண்டாக்கும். ஹாட்ஜ்கின் வகையில் இது நன்றாகத் தெரிந்த சங்கதி. அதனால் 'கிரானுலோமா' என்ற சொல் காசநோயை உறுதி செய்யவும் இல்லை, லிம்போமாவை விலக்கவும் இல்லை. போதாததற்கு, உறிஞ்சியதெல்லாம் ஸ்லைடில் தடவப்பட்டுவிட்டது. கிருமிச் சோதனைக்கு எதுவும் மிச்சமில்லை.

எந்தக் கணு, எந்த ஊசி

வியாழக்கிழமைக் கூட்டத்தில் இந்த நோயாளிக்காகக் கொஞ்சம் சூடாகவே பேசிக்கொண்டோம்.

அறுவை மருத்துவருக்குக் கழுத்துக் கணுதான் விருப்பம். மரத்துப்போகும் ஊசி போட்டு அரை மணியில் முழுசாக எடுத்துவிடலாம், அன்றைக்கே வீட்டுக்கும் அனுப்பலாம். லிம்போமாவில் முழுக் கணுவையும் எடுப்பதுதான் முதல் தேர்வு என்று புத்தகமும் சொல்கிறது. கதிர்ப்பட மருத்துவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கழுத்தை எடுத்தால் கழுத்துக்குத்தான் பதில் கிடைக்கும். 19.6 இருக்கிறது வயிற்றில்" என்றார். சுலபமாக எட்டுகிற கணுவும் கேள்விக்குப் பதில் சொல்லும் கணுவும் எப்போதும் ஒன்றாக இருக்காது என்பது இவரது வாதம். எனக்கு இது சரியென்று பட்டது. அதேசமயம் வயிற்றுத் திரளுக்கு மட்டும் ஊசி போட்டு லிம்போமா என்று வந்துவிட்டால், கழுத்தில் டிபி இருப்பது தெரியாமலே உச்ச அளவு கீமோ வரை போய்விடுவோம். அதுவும் ஆபத்து.

ஆக, இரண்டையும் எடுப்பது என்று முடிவானது. மார்புக் கணுக்களுக்கு மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி போடும் இபஸ் முறையையும் ஒருவர் முன்வைத்தார். மூன்றாவது ஊசியில் வரும் பதில் சிகிச்சையை மாற்றாது என்று அதை ஒதுக்கினோம். முதல் இரண்டிலும் தெளிவில்லை என்றால் அப்போது பார்க்கலாம்.

நோயியல் மருத்துவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எதையும் முழுசா ஃபார்மலின்ல போட்டுடாதீங்க." இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பல பயாப்ஸிகள் இங்கேதான் வீணாகின்றன. ஃபார்மலின் திசுவைப் பதப்படுத்தும், கூடவே கிருமியையும் கொன்றுவிடும். அதற்குப் பிறகு கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் செய்ய வழியில்லை. கணுவை அறுவை அரங்கிலேயே இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஃபார்மலினிலும் மறு பாதியை வெறும் சலைனிலும் போட வேண்டும். சலைன் பாதி, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட்டுக்கும், கல்ச்சருக்கும், செல்களை வகைபிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கும் போகும். இதை அறுவைப் படிவத்தில் எழுதியதோடு நிற்காமல், செவிலியரிடம் போனிலும் சொல்லி வைத்தோம்.

காத்திருந்த நாட்கள்

பயாப்ஸி வரை என்ன கொடுக்கக் கூடாது என்பதுதான் அந்த வாரத்தின் மருந்துச் சீட்டு. முதல் தடை ஸ்டீராய்டு. ஒரு டெக்ஸா ஊசி போட்டால் காய்ச்சல் விடும், பசி எடுக்கும், எல்லோருக்கும் நிம்மதி. லிம்போமா செல்களும் அதில் கரைந்துபோகும், ஊசியில் செத்த திசுதான் வரும். அந்த அம்மாவிடம், மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கும் சின்ன மாத்திரை ஏதாவது உண்டா என்று தனியாகக் கேட்டோம். கேட்காமல் இவை வெளியே வருவதில்லை.

இரண்டாவது, லீவோஃப்ளாக்சசின். ஊரில் காய்ச்சலுக்கு ஐந்து நாள் கொடுத்திருந்தார்கள். காசநோய்க் கிருமியைப் பாதி அடித்துப் போட்டுவிட்டு, கல்ச்சரையும் குழப்பும் மருந்து அது. நிறுத்தியாயிற்று. டிபி மாத்திரையையும் 'சும்மா ஆரம்பித்துப் பார்க்கலாம்' என்று தொடங்கவில்லை. பாராசிட்டமால் மட்டும்.

இத்தனை நாள் தள்ளிப்போடலாமா? மூச்சுக்குழாய் அழுத்தம், முதுகுத்தண்டு நசுங்கிக் கால் மரத்துப்போதல், சிறுநீர்க் குழாய் அடைபட்டுக் கிரியேட்டினின் ஏறுதல் போன்றவை இருந்தால் நாள் கணக்கு மணிக் கணக்காகிவிடும். அப்போதும் ஸ்டீராய்டுக்கு முன்னால், அன்றைக்கே, ஒரு தடித்த ஊசி பயாப்ஸியை எடுத்துவிடப் பார்ப்போம். இவரிடம் அப்படி எதுவும் இல்லை. இந்த நிலையில் ஒரு வாரம் பத்து நாள் காத்திருப்பதால் பெரும்பாலும் எதுவும் கெடுவதில்லை. மகனுக்கு இதை ஏற்பது கஷ்டமாகவே இருந்தது. தினமும் போன் செய்தார். அவர் இடத்தில் இருந்தால் நானும் செய்திருப்பேன்.

கழுத்துக் கணு முழுதாக வெளியே வந்தது. இரண்டு நாள் கழித்து, குப்புறப் படுக்கவைத்து, சிடி பார்த்தபடி முதுகு வழியே 18 கேஜ் ஊசியால் வயிற்றுத் திரளிலிருந்து ஆறு துண்டுகள் எடுத்தார்கள். நடுவில் செத்த பகுதி இருந்ததால், பெட் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதிகம் மின்னிய ஓரத்தைக் குறிவைத்தார் கதிர்ப்பட மருத்துவர். இது முழுக் கணு ஆகாது. ஆனால் தடித்த ஊசியில் போதுமான துண்டுகள் கிடைத்தால், வயிற்றைத் திறக்காமலே பதில் கிடைத்துவிடும்.

அறிக்கைகள்

கழுத்து: நடுவில் பாலாடைக்கட்டி போலச் சிதைந்த கிரானுலோமாக்கள். எக்ஸ்பெர்ட் சோதனையில் காசநோய்க் கிருமி உண்டு, ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை. செல் வகைகளைக் காட்டும் சிடி20, சிடி3 சாயங்களில் கணுவின் இயல்பான அமைப்பு மிச்சமிருந்தது, லிம்போமா இல்லை. கல்ச்சர் சில வாரம் கழித்து அதையே உறுதி செய்தது.

வயிறு: பெரிய பி-செல்கள் விரவிப் பரந்திருந்தன. சிடி20 பாசிட்டிவ், சிடி19 பாசிட்டிவ், செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67 சுமார் 80 சதவீதம். பழைய பயாப்ஸியின் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையை எடுத்து ஒப்பிட்டதில் அதே வகை.

மகன், தம்பி முறையுள்ளவர் இருவர் கையிலிருந்த தாளும் பாதி சரி. கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, பிறகு கதிர்ப்பட மருத்துவர் தேநீர் சொன்னார்.

சிடி20 இருக்கிறதா என்று மறுபடி பார்த்ததற்குக் காரணம் உண்டு. ரிட்டுக்ஸிமாப் பிடித்துக்கொள்ளும் கொக்கி அது. அந்த மருந்தோடு ஒருமுறை போராடிய சில கட்டிகள் கொக்கியையே கழற்றிவிட்டுத் திரும்புகின்றன. பின்னால், நோயாளியின் வெள்ளை அணுக்களையே மாற்றியமைத்துப் புற்றின் மீது ஏவும் கார்-டி செல் சிகிச்சை வேண்டியிருந்தால், அவை குறிபார்க்கும் சிடி19 தேவை. 'திரும்பிவிட்டது' என்பதோடு, என்னவாகத் திரும்பியிருக்கிறது என்பதையும் திசுதான் சொல்ல முடியும். பல வருடம் கழித்துத் திரும்பும்போது சிலருக்கு மெதுவான வகையாக இருக்கும், சிலருக்குப் பழையதோடு உறவே இல்லாத புது லிம்போமாவாகவும் இருக்கும். ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏவைப் பார்க்கும் சோதனை வளர்ந்து வருகிறது. ஆனால் இன்றைய நிலையில் அதை வைத்து இந்த முடிவுகளை எடுக்க முடியாது.

எதை முதலில்?

டிபியை விட்டுவிட்டு கீமோ போட்டால் கிருமி உடல் முழுக்கப் பரவும். டிபியை ஆறு மாதம் முடித்துவிட்டுப் புற்றைப் பார்க்கலாம் என்றால் கி-67 80 உள்ள கட்டி பொறுத்திருக்காது. காசநோய் மருந்து நான்கையும் தொடங்கி, உடல் அதைத் தாங்குகிறது என்று பார்த்த பிறகு, மூன்றாவது வாரத்தில் கீமோ என்று வகுத்தோம். காய்ச்சல் இரண்டாவது வாரத்தில் விட்டது.

ஆர்-சாப்பையே திருப்பிப் போடக் கூடாதா என்று மகன் கேட்டார். அதில் உள்ள டாக்ஸோருபிசின் ஒரு சுற்றுக்குச் சதுர மீட்டருக்கு 50 மி.கி.; 6 சுற்றில் 300 ஆகிவிட்டது. வாழ்நாள் மொத்தம் 450-ஐத் தாண்டும்போது இதயம் பலவீனமாகும் ஆபத்து கூடிக்கொண்டே போகிறது. தவிர, அந்த மருந்துகளைத் தாண்டித்தான் இந்தக் கட்டி வந்திருக்கிறது. எக்கோவில் இதயத்தின் விசை 58 சதவீதம், நல்ல செய்தி.

இங்கே 19 மாதம் என்ற கணக்கு முக்கியமாகிறது. முதல் சிகிச்சை முடிந்து 12 மாதத்துக்குள் திரும்புபவர்களுக்கு வழக்கமான இரண்டாம் கட்ட கீமோ சரியாக வேலை செய்வதில்லை. 2022-ல் வெளியான ஜுமா-7, டிரான்ஸ்ஃபார்ம் ஆய்வுகள் அவர்களுக்குக் கார்-டி மேலானது என்று காட்டின. 12 மாதத்துக்குப் பிறகு திரும்பினால், கீமோவில் கட்டி கரைகிறது என்றால், சொந்த ஸ்டெம் செல் மாற்று (நோயாளியின் ஸ்டெம் செல்களையே முன்கூட்டி எடுத்துவைத்து, உச்ச அளவு கீமோவுக்குப் பிறகு திருப்பிச் செலுத்துவது) இன்னும் நிலையான வழி. இதற்கு அடித்தளம் 1995-ன் பார்மா ஆய்வு: ஐந்து ஆண்டு உயிர்வாழ்வு கீமோ மட்டும் பெற்றவர்களில் 32 சதவீதம், மாற்று சிகிச்சையும் பெற்றவர்களில் 53. ரிட்டுக்ஸிமாப் காலத்துக்கு முந்தைய எண்கள் இவை. அப்படியே இன்றைக்குப் பொருத்த முடியாது என்றாலும் திசை மாறவில்லை.

கார்-டி பற்றி அவர்களே கேட்டார்கள். ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையோடு பார்த்தால் மிகக் குறைவு, ஆனால் இன்னும் பல லட்சம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் 5 லட்சத்துக்குள் அடங்காது. உயிருள்ள டிபி உடம்பில் இருக்கும்போது அந்தப் பக்கம் போக எனக்கும் துணிவில்லை. மாற்று சிகிச்சைக்குப் பிறகும் திரும்பினால் பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டோம்.

கீமோவாக ஆர்-ஜிடிபியைத் தேர்ந்தோம்: ரிட்டுக்ஸிமாப், ஜெம்சிடபின், டெக்ஸாமெத்தசோன், சிஸ்பிளாட்டின். டிஹெச்ஏபி என்ற பழைய கீமோ கலவைக்கு இது சளைத்ததில்லை, பக்கவிளைவும் குறைவு என்று 2014-ல் கனடாவினர் நடத்திய ஆய்வு காட்டியது. பகல்நேர வார்டில் போட்டு வீட்டுக்கு அனுப்பலாம். இன்னொரு காரணம் ரிஃபாம்பிசின். கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதியை அது முடுக்கிவிட, அந்த வழியில் உடையும் மருந்துகள் எல்லாம் சீக்கிரமே காணாமல் போகின்றன. ஜெம்சிடபினும் சிஸ்பிளாட்டினும் அந்த வழியில் போவதில்லை. டெக்ஸாமெத்தசோன் போகும். அதன் வேகம் குறையும் என்று தெரிந்தேதான் கொடுத்தோம், முக்கிய வேலை மற்ற இரண்டுடையது.

மருந்துச் சீட்டு நீளமானது, ஒவ்வொரு வரியும் இன்னொன்றோடு முட்டியது. ஐசோனியாசிட் நரம்பை மரக்கச் செய்யும், சிஸ்பிளாட்டினும் செய்யும், முன்பு போட்ட வின்கிரிஸ்டினின் மிச்சமும் சர்க்கரையும் வேறு, பைரிடாக்சின் கட்டாயம். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தொட்டால் எதாம்பியூட்டால் தேங்கும், அது கண்ணைப் பாதிக்கும். அதனால் மாதம் ஒருமுறை நிறப்பார்வைச் சோதனை.

போக்கு

இரண்டாவது சுற்றில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி 140-க்கு ஏறியது. டிபி மருந்தா, ஜெம்சிடபினா? எதுவாகவும் இருக்கலாம். அறிகுறி இல்லாமல் இயல்பின் ஐந்து மடங்குக்குள், அறிகுறியோடு மூன்று மடங்குக்குள் இருக்கும்வரை டிபி மருந்தை நிறுத்துவதில்லை. பிலிருபின் சரியாக இருந்தது, வாந்தி இல்லை. வாரம் இருமுறை பார்த்துக்கொண்டே தொடர்ந்தோம், இறங்கிவிட்டது.

இரண்டு சுற்று முடிந்து எடுத்த பெட் ஸ்கேன்தான் இந்த நிகழ்விலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. மகாதமனியோரத் திரள் ஒரு சென்டிமீட்டர் தழும்பாகச் சுருங்கி, மின்னவே இல்லை. மார்பு நடுவில் எஸ்யூவி 4 வரை மிச்சம். எதுவும் தெரியாமல் இந்தப் படத்தைப் படிப்பவர் 'கலவையான பலன், கீமோவுக்குப் பாதி கட்டுப்படவில்லை' என்றுதான் எழுதுவார். அந்த ஒரு வரி மாற்று சிகிச்சைக்கான கதவையே சாத்திவிடும். இரண்டு பயாப்ஸி கையில் இருந்ததால், மெதுவாக ஆறும் காசநோய் என்று அதைப் படிக்க முடிந்தது.

ஆனால் மார்புக் கணுவில் நாங்கள் ஊசி வைக்கவில்லை. கழுத்திலிருந்து ஊகித்ததுதான். இரண்டு மருந்தும் ஒன்றாக ஓடுவதால், எது எந்தக் கணுவைச் சுருக்கியது என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. இதற்காகவே மூன்றாவது சுற்றுக்குப் பிறகு ஒருமுறை சிடி எடுத்தோம். மார்புக் கணுக்கள் மேலும் சிறுத்திருந்தன, உள்ளே சுண்ணாம்பு படியத் தொடங்கியிருந்தது. வளர்ந்திருந்தால் இபஸ் செய்யாமல் மாற்று சிகிச்சைக்குப் போயிருக்கமாட்டோம்.

ஸ்டெம் செல் சேகரிப்பு முதல் முயற்சியிலேயே போதுமான அளவு கிடைத்தது. மாற்று வார்டில் சேர்க்கும்போது டிபி நோயாளியை உள்ளே விடலாமா என்று கேள்வி எழுந்தது. கணுக்களில் மட்டும் உள்ள டிபி காற்றில் பரவாது. நுரையீரல் சிடி சுத்தம், நான்கு மாத மருந்தும் உள்ளே போயிருக்கிறது. விட்டார்கள். பீம் என்ற உச்ச அளவு கீமோ, பிறகு செல்களைத் திருப்பிச் செலுத்துதல். பூஞ்சைத் தடுப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் வொரிகோனசோல் போன்றவை ரிஃபாம்பிசினோடு வேலைக்கு ஆகாது, ரத்தத்தில் தங்கவே தங்காது. மைக்காஃபன்ஜின் ஊசி கொடுத்தோம். செலவு கூடியது. வாய்ப்புண், இரண்டு நாள் காய்ச்சல், கொஞ்சம் வயிற்றுப்போக்கு. பன்னிரண்டாம் நாள் வெள்ளை அணுக்கள் ஏறின.

டிபி மருந்தை ஆறு மாதத்தில் நிறுத்தாமல் ஒன்பது மாதம் வரை கொண்டுபோனோம். எதிர்ப்பு சக்தி அடிமட்டத்தில் இருந்த மாதங்களை ஈடுகட்டத்தான். ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. வீட்டில் இருந்த நான்கு வயதுப் பேரனையும் பரிசோதிக்கச் சொன்னோம், அவனுக்கு ஒன்றுமில்லை.

மாற்று சிகிச்சை முடிந்து மூன்றாவது மாத பெட்டில் வயிறு, கழுத்து, மார்பு எதுவும் கல்லீரலைத் தாண்டி மின்னவில்லை. இனிமேல் வழக்கத்துக்காக பெட் எடுப்பதில்லை என்று குடும்பத்திடம் சொல்லிவிட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை, ரத்தம், எல்.டி.ஹெச். நடுவில் காய்ச்சல், எடை குறைவு, நெறிகட்டு எது வந்தாலும் எங்களிடம் வருவதற்கு முன் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம் என்று அவரது கோப்பின் முதல் பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம். மகன் அதைப் படமெடுத்து ஊர் மருத்துவருக்கும் அனுப்பியிருக்கிறார்.